கதவு திறந்த பிறகு: பெர்கன்-பெல்சன், 1945

1945 ஏப்ரல் 15, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். வட ஜெர்மனியில் செல்லே நகருக்கு வடக்கே, பைன் மரங்களும் புதர்களும் மண்டிய லூனபர்க் சமவெளியில், ஒலிபெருக்கி கட்டிய ராணுவ வண்டி ஒன்று முள்வேலிக் கதவைக் கடந்து உள்ளே போனது. வண்டியில் இருந்தவர் டெரிக் சிங்டன் என்ற பிரிட்டிஷ் கேப்டன். ஜெர்மன் மொழியில் அறிவிப்பு ஒலித்தது. முகாம் இனி பிரிட்டிஷ் ராணுவத்தின் பொறுப்பில் இருக்கிறது, உணவும் மருந்தும் வந்துகொண்டிருக்கின்றன, ஆனால் டைஃபஸ் காய்ச்சல் பரவியிருப்பதால் இப்போதைக்கு யாரும் வெளியேறக் கூடாது. எலும்பும் தோலுமாக நின்றவர்களில் சிலர் அழுதார்கள். சிலரால் எழுந்து வரவே முடியவில்லை. இன்னும் பலருக்கு அந்த அறிவிப்பு காதில் விழுந்ததா என்பதே சந்தேகம்.

அன்று பெர்கன்-பெல்சன் முகாமில் உயிரோடு இருந்தவர்கள் ஏறக்குறைய 60,000 பேர். அவர்களில் சுமார் 14,000 பேர் அடுத்த சில வாரங்களில் இறந்துபோனார்கள். யாரும் சுடவில்லை, யாரும் அடிக்கவில்லை. விடுதலை பெற்று, சுற்றிலும் மருத்துவர்கள் இருக்கும்போதே இறந்தார்கள்.

நாஜி வதைமுகாம்களின் விடுதலையை உலகம் ஒரு புகைப்படமாகவே நினைவில் வைத்திருக்கிறது. கதவு திறக்கிறது, வேலிக்குப் பின்னால் கோடுபோட்ட உடையில் மனிதர்கள் கையசைக்கிறார்கள். அந்தப் படம் பொய்யல்ல. ஆனால் மறுநாள் காலையில் தொடங்கிய கதை அதைவிட நீளமானது, கடினமானது. அதை அதிகம் பேர் சொல்வதில்லை.

இந்த முகாம்களை விடுவிக்க வேண்டும் என்று எந்தப் படையும் புறப்பட்டு வரவில்லை. போரின் போக்கில் வழியில் எதிர்ப்பட்டவையே அவை. 1944 ஜூலையில் சோவியத் படை போலந்தில் மைதானெக் முகாமுக்குள் நுழைந்தது. 1945 ஜனவரி 27 அன்று அவுஷ்விட்ஸை அடைந்தபோது அங்கே மிஞ்சியிருந்தவர்கள் 7,000 பேர்தான். நடக்கக்கூடிய சுமார் 60,000 பேரைச் சில நாட்களுக்கு முன்பே உறைபனியில் மேற்கு நோக்கி ஓட்டிச் சென்றிருந்தார்கள் எஸ்.எஸ். என்ற நாஜிப் படையின் காவலர்கள். அமெரிக்கப் படையின் வழியில் ஏப்ரல் 11-இல் புகன்வால்ட், 29-இல் டாகாவ், மே 5-இல் மௌதௌசன். போர் நெருங்க நெருங்க, கிழக்கே இருந்த முகாம்களைக் காலி செய்து கைதிகளை ஜெர்மனியின் உட்பகுதிக்குள் திணித்தார்கள். அந்தத் திணிப்பில் பிதுங்கிப்போன இடம்தான் பெல்சன்.

முதலில் அது போர்க்கைதிகள் முகாமாக இருந்தது. 1941-42 குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கான சோவியத் கைதிகள் அங்கே பசியிலும் நோயிலும் மடிந்தார்கள். 1943-இல் எஸ்.எஸ். அமைப்பு அதன் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, வெளிநாட்டில் பிடிபட்ட ஜெர்மானியர்களுக்கு மாற்றாகக் கொடுக்கலாம் என்ற கணக்கில் சில யூதர்களைப் பிடித்து வைத்தது. அங்கே விஷவாயு அறைகள் இல்லை. 1944 இறுதியில் சுமார் 15,000 பேர் இருந்த முகாமில் நான்கே மாதங்களில் 60,000 பேர் அடைக்கப்பட்டார்கள். தண்ணீர் இல்லை, கழிப்பறை இல்லை, கடைசி நாட்களில் ரொட்டியும் இல்லை. 1945 மார்ச் மாதத்தில் மட்டும் சுமார் 18,000 பேர் இறந்தார்கள். அவுஷ்விட்ஸிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆன் ஃபிராங்க், அவளுடைய அக்கா மார்கோட் இருவரும் அந்தக் குளிர்காலத்தின் கடைசியில் டைஃபஸ் கண்டு இறந்தது இங்கேதான். விஷவாயு இல்லாமலே ஒரு முகாம் இத்தனை பேரைக் கொல்ல முடிந்தது.

பிரிட்டிஷ் படை உள்ளே வந்ததும் ஒரு பேச்சுவார்த்தையின் பலன்தான். டைஃபஸ் சுற்றுப்புறத்துக்கும் படைகளுக்கும் பரவிவிடும் என்ற பயத்தில் ஜெர்மன் ராணுவமே தூது அனுப்பியது. ஏப்ரல் 12-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. முகாமைச் சுற்றி ஒரு பகுதியில் சண்டை கிடையாது என்று இரு தரப்பும் ஒத்துக்கொண்டன. கைதிகள் மேல் இரக்கப்பட்டு யாரும் அந்த மேசைக்கு வரவில்லை. டைஃபஸைப் பரப்பும் பேனுக்குப் பயந்து வந்தார்கள்.

அந்தப் பேன்தான் எதிரி என்பதை முதலில் தெளிவாகப் பார்த்தவர் பிரிகேடியர் கிளின் ஹியூஸ். இரண்டாம் பிரிட்டிஷ் படையின் துணை மருத்துவ இயக்குநர். முதல் உலகப் போரின் அகழிகளையும் கண்டவர். கொட்டகைக்குக் கொட்டகை போய்ப் பார்த்த அவருக்கே பெல்சனை எதனோடும் ஒப்பிட முடியவில்லை. சில நூறு பேர் படுக்க வேண்டிய கொட்டகைகளில் ஆயிரம் பேர் வரை கிடந்தார்கள். இறந்தவர்களும் உயிரோடு இருப்பவர்களும் ஒரே போர்வைக்குள். புதைக்கப்படாத உடல்கள் மட்டும் 10,000-க்கு மேல். டைஃபஸ், காசநோய், வயிற்றுப்போக்கு, அவை எல்லாவற்றுக்கும் அடியில் பசி.

இருந்த மருத்துவ அணிகளோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. போர் இன்னும் முடியவில்லை. ஹிட்லர் பெர்லினில் உயிரோடு இருந்தார். முன்களத்தில் காயம்பட்ட வீரர்களுக்காக வைத்திருந்த சிறு மருத்துவப் பிரிவுகளை ஒரு நகரத்தின் அளவு நோயாளிகளுக்கு அனுப்பினால் யாரைக் காப்பாற்றுவது? ஹியூஸும், களமருத்துவமனையை நடத்திய லெப்டினன்ட் கர்னல் ஜேம்ஸ் ஜான்ஸ்டனும் எடுத்த முடிவு கல்லைப் போலக் கனமானது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வைத்தியம் பார்க்க முடியாது. பேன் நிறைந்த கொட்டகைகளிலிருந்து எத்தனை பேரை வெளியே எடுக்க முடியுமோ அத்தனை பேரை எடுக்க வேண்டும். அருகிலேயே, ஜெர்மன் ராணுவத்தின் பீரங்கி வண்டிப் பயிற்சிப் பள்ளிக்கூடம் இருந்தது. செங்கல் கட்டடங்கள், கட்டில்கள், தண்ணீர் வசதி எல்லாம் அங்கே இருந்தன. அதை மருத்துவமனையாக்கினார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை, ஆம்புலன்ஸ் பிரிவின் தலைவர் லெப்டினன்ட் கர்னல் மெர்வின் கோனின் எழுதி வைத்திருக்கிறார். ஒரு மருத்துவ அதிகாரி கொட்டகைக்குள் போவார். என்ன நோய் என்று பார்க்க நேரம் கிடையாது. தூக்கிக்கொண்டு போனால் இவர் பிழைப்பாரா என்ற ஒரே கேள்வி. பிழைப்பார் என்று தோன்றினால் நெற்றியில் ஒரு சிலுவைக் குறி போடுவார். தூக்குபவர்கள் அந்தக் குறி உள்ளவர்களை மட்டும் எடுத்துப் போவார்கள். குறி இல்லாதவர்கள் அங்கேயே கிடப்பார்கள். அவுஷ்விட்ஸ் ரயில் மேடையில் ஒரு விரல் அசைவில் இடமா வலமா என்று பிரிக்கப்பட்டவர்கள் அதே கண்களால் இன்னொரு பிரிப்பைப் பார்த்தார்கள். இந்த முறை அது காப்பாற்றுவதற்காக. அந்த வேறுபாட்டை ஒரு நோயாளியால் எப்படி உடனே நம்ப முடியும்?

குறி போட்டவர்களை ஆம்புலன்ஸ்கள் குதிரை லாயம் ஒன்றுக்குக் கொண்டு சென்றன. அந்த லாயத்துக்குச் சிப்பாய்கள் வைத்த பெயர், மனிதச் சலவைக்கூடம். வரிசையாக மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு நோயாளி. மேல் கிடந்த கந்தலைக் களைந்து எரித்தார்கள். முடியை வெட்டினார்கள். வெந்நீரும் சோப்பும் போட்டு, மாதக்கணக்கில் சேர்ந்த அழுக்கைத் தேய்த்துக் கழுவினார்கள். பிறகு உடலெங்கும் டி.டி.டி. தூள். கடைசியில் சுத்தமான போர்வை ஒன்றில் சுற்றி, சுத்தமான வேறொரு ஆம்புலன்ஸில் மருத்துவமனைக்கு. அந்த மேசைகளில் நின்று கழுவியவர்கள் ஜெர்மன் தாதியர். அக்கம்பக்கத்து மருத்துவமனைகளிலிருந்து உத்தரவு போட்டு வரவழைக்கப்பட்டவர்கள். பிரிட்டிஷ் அதிகாரிகள் எழுதியதைப் பார்த்தால், முறைப்பும் மிடுக்குமாக வந்த அந்தப் பெண்கள் மேசையில் கிடத்தப்பட்ட உடல்களைப் பார்த்ததும் அழுதிருக்கிறார்கள். பிறகு இடுப்பு ஒடிய வேலை செய்திருக்கிறார்கள். அவர்களிலும் டைஃபஸ் வந்து படுத்தவர்கள் உண்டு.

ஏறக்குறைய நான்கு வாரங்களில் இப்படி 29,000 பேர் இடம் மாறினார்கள்.

இனி சாப்பாட்டுக்கு வருவோம். பெல்சனில் நல்லெண்ணமே உயிரைக் குடித்த இடம் அது. முதல் நாளில் உள்ளே வந்த சிப்பாய்கள் தங்களிடம் இருந்ததையெல்லாம் அள்ளிக் கொடுத்தார்கள். டின்னில் அடைத்த இறைச்சி, கெட்டியான பால், சாக்லேட், பிஸ்கட். பசித்தவனைப் பார்த்ததும் கையில் இருப்பதை நீட்டாதவன் மனிதனா? ஆனால் மாதக்கணக்கில் வற்றிய குடல் அந்தக் கொழுப்பைத் தாங்கவில்லை. சாப்பிட்டவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார்கள். வயிற்றுப்போக்கில் கடைசி உயிரும் போனது. பட்டினி கிடந்த உடலில் திடீரென்று உணவு இறங்கினால் ரத்தத்தில் இருக்கும் பாஸ்பரஸ் போன்ற உப்புகள் சட்டென்று சரிந்து இதயமே நின்றுவிடலாம் என்று இன்றைய மருத்துவம் தெளிவாகச் சொல்கிறது. அன்று அது பாடப்புத்தகத்தில் இல்லை. நோயிலிருந்து எழுந்தவருக்கு முதலில் கஞ்சித் தண்ணீர்தான் என்று நம் வீடுகளில் சொல்வது போன்ற ஒரு வார்த்தையை அந்த ராணுவ லாரிகளில் யாரும் எழுதி ஒட்டியிருக்கவில்லை.

மருத்துவர்கள் வேறு வழி தேடினார்கள். அப்போது அவர்கள் கையில் இருந்த ஒரு கலவையின் பெயரைக் கேட்டால் இந்திய வாசகர் ஒரு கணம் நின்றுவிடுவார். வங்காளப் பஞ்சக் கலவை. 1943-இல் வங்காளத்தில் இருபது முதல் முப்பது லட்சம் பேரைக் கொன்ற பஞ்சத்தின்போது, பட்டினியால் வாடியவர்களுக்காக உருவாக்கப்பட்டது அது. பால் பவுடர், மாவு, சர்க்கரை, கொஞ்சம் உப்பு, தண்ணீர். அந்தப் பஞ்சத்தின்போது இந்தியா பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்தது. தானியத்தைக் கப்பலேற்றி அனுப்பச் சொல்லித் திரும்பத் திரும்பக் கேட்டும் லண்டன் போதிய அளவு அனுப்பவில்லை. கல்கத்தாவின் நடைபாதைகளில் செத்தவர்களிடமிருந்து கற்ற பாடம், இரண்டு ஆண்டுகள் கழித்து ஜெர்மனியின் ஒரு மூலையில் போலந்துக்காரர்களுக்கும் ஹங்கேரிக்காரர்களுக்கும் கரண்டியில் ஊட்டப்பட்டது. வரலாறு இப்படியும் தன் நூல்களை முடிச்சுப் போடுகிறது.

அந்தக் கலவையும் முழுதாகக் கைகொடுக்கவில்லை. கிழக்கு ஐரோப்பிய நாக்குக்கு அது தாங்க முடியாத தித்திப்பு. பலர் வாந்தி எடுத்தார்கள், பலர் வாயை மூடிக்கொண்டார்கள். சாகக் கிடப்பவருக்கு ருசி எதற்கு என்று நினைக்கத் தோன்றும். ருசி கேட்பது பிழைக்க விரும்பும் உடலின் முதல் அடையாளம் என்பதை மருத்துவர்கள் அங்கே கற்றுக்கொண்டார்கள். மிளகாய்ப்பொடி வகையான பாப்ரிகாவைச் சேர்த்துப் பார்த்தபோது கொஞ்சம் இறங்கியது. புரதக் கரைசலை ஊசி வழியாக ஏற்றும் முயற்சி அதைவிட மோசமாக முடிந்தது. ஊசியைக் கண்டதும் நோயாளிகள் அலறினார்கள். வெள்ளை அங்கி போட்ட ஒருவர் ஊசியோடு நெருங்கினால் அடுத்தது எரியூட்டும் அடுப்பு என்பதுதான் அவர்கள் அறிந்த மருத்துவம். கடைசியில் கைகொடுத்தது எளிமையானது: சிறிய அளவில், அடிக்கடி, ஆடை நீக்கிய பாலும் நீர்த்த சூப்பும். அதோடு பக்கத்தில் உட்கார்ந்து ஊட்ட ஒரு ஆள்.

ஆளைத்தான் எங்கே தேடுவது? மே மாதத் தொடக்கத்தில் லண்டன் மருத்துவக் கல்லூரிகளிலிருந்து நூற்றுக்குச் சற்றுக் குறைவான மாணவர்கள் வந்தார்கள். இருபது வயதைத் தாண்டியவர்கள், படிப்பு முடியாதவர்கள். ஆளுக்கு ஒன்றிரண்டு கொட்டகைகள் ஒப்படைக்கப்பட்டன. பலமுள்ள நோயாளி சூப்பைப் பிடுங்கிக்கொள்ள, எழ முடியாதவர் பட்டினியாகவே கிடப்பதை முதல் நாளே கண்டார்கள். வாளியைத் தூக்கிக்கொண்டு தாங்களே படுக்கை படுக்கையாகப் போனார்கள். செஞ்சிலுவைச் சங்கத்தினரும் குவேக்கர் தொண்டர்களும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள்.

ஆனால் பெல்சனின் மீட்பை வெள்ளைக்கார மருத்துவர்களின் கதையாக மட்டும் எழுதிவிட்டால் அது பெரிய அநீதி. பிரிட்டிஷார் வரும் முன்பே அங்கே மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கைதிகள்தான். அவர்களில் ஒருவர் ஹதாசா பிம்கோ. போலந்தின் சோஸ்னோவியெத்ஸ் நகரைச் சேர்ந்தவர், பிரான்சில் பல் மருத்துவம் படித்தவர். 1943-இல் அவுஷ்விட்ஸ் போய் இறங்கிய அன்றே பெற்றோர், கணவர், ஐந்தரை வயது மகன் எல்லோரையும் விஷவாயு அறையில் இழந்தவர். 1944 இறுதியில் பெல்சனுக்கு மாற்றப்பட்டதும், பெற்றோர் இல்லாமல் அங்கே அலைந்த குழந்தைகளைத் தேடித் தேடி ஒரு கொட்டகையில் சேர்த்தார். மற்றப் பெண்களோடு சேர்ந்து, கிடைத்த உணவையும் மருந்தையும் மறைத்துக் கொண்டுவந்து, குளிர்காலம் முழுக்க அந்தக் குழந்தைகளைக் காப்பாற்றினார். அவர்கள் 149 பேர். தன் பிள்ளையை இழந்த ஒருத்தி, மரணம் மொய்க்கும் இடத்தில் உட்கார்ந்து ஊரார் பிள்ளைகளுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதை நினைத்துப் பார்த்தால் போதும். விடுதலைக்குப் பிறகு, கைதிகளிலிருந்தே 28 மருத்துவர்களையும் 620 உதவியாளர்களையும் திரட்டும் பொறுப்பை கிளின் ஹியூஸ் அவரிடம்தான் கொடுத்தார். அந்த உதவியாளர்களில் பயிற்சி பெற்ற தாதியர் வெகு சிலர். மற்றவர்கள் தாங்களும் நேற்றுவரை படுத்துக் கிடந்த பெண்கள்.

இறந்தவர்களுக்கும் ஏதாவது செய்தாக வேண்டியிருந்தது. பிடிபட்ட எஸ்.எஸ். காவலர்களைக் கொண்டே உடல்களைத் தூக்கிப் பெருங்குழிகளில் இறக்க வைத்தார்கள். அதற்கும் நேரம் போதாதபோது புல்டோசர் வந்தது. முகத்தில் துணி கட்டிய ஒரு சிப்பாய் புல்டோசரால் உடல்களைத் தள்ளும் காட்சி படமாகியிருக்கிறது. அதைப் பார்த்தவர்கள் மறப்பதில்லை. ஏப்ரல் 24 அன்று செல்லே உள்ளிட்ட ஊர்களின் மேயர்களை அழைத்து வந்து குழி விளிம்பில் நிற்க வைத்தார்கள். பிபிசி செய்தியாளர் ரிச்சர்ட் டிம்பிள்பி முகாமைப் பார்த்து அனுப்பிய ஒலிச்செய்தியை முதலில் அவருடைய நிறுவனமே நம்பத் தயங்கியது. ஒலிபரப்பாவிட்டால் வேலையை விட்டு விலகுவேன் என்று அவர் சொன்ன பிறகே அது வானொலியில் போனது.

விடுதலைக்குப் பின் வந்த முதல் வெள்ளிக்கிழமை, ஏப்ரல் 20. ராணுவ மதகுரு லெஸ்லி ஹார்ட்மன் திறந்தவெளியில் யூதர்களின் சப்பாத் வழிபாடு நடத்தினார். சில நூறு பேர் கூடினார்கள். சுற்றிலும் இன்னும் உடல்கள் கிடந்தன. வழிபாட்டின் முடிவில் அவர்கள் ‘ஹத்திக்வா’ பாடினார்கள். ‘நம்பிக்கை’ என்று பொருள்படும் அந்தப் பாடல் பின்னாளில் இஸ்ரேலின் தேசிய கீதமானது. பிபிசி பதிவு செய்த அந்த ஒலி இன்றும் இருக்கிறது. தளர்ந்த குரல்கள், நடுவே திணறல், ஆனாலும் பாட்டு நிற்கவில்லை.

கோனின் குறிப்புகளில் இன்னொரு செய்தி உண்டு. பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கம் வந்த சில நாட்களில் ஒரு பெரிய சரக்கு வந்து இறங்கியது. லிப்ஸ்டிக். நூற்றுக்கணக்கான அவசரப் பொருட்களுக்காக மருத்துவ அணியினர் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்த நேரம். யார் கேட்டார்கள், யார் அனுப்பினார்கள் என்றே அவருக்குத் தெரியவில்லை. ஆனால் அதைப் பார்த்த பிறகு, அது ஏதோ ஒரு மேதையின் வேலை என்று அவருக்குத் தோன்றியது. போர்த்திக்கொள்ள விரிப்பு இல்லாத, இரவு உடை இல்லாத பெண்கள் செக்கச் சிவந்த உதடுகளோடு படுக்கையில் இருந்தார்கள். தோளில் போர்வை மட்டும் போர்த்தி நடந்தவர்களும் உதட்டில் சாயம் பூசியிருந்தார்கள். இறந்துபோன ஒரு பெண்ணின் மூடிய கைக்குள் ஒரு துண்டு லிப்ஸ்டிக் இருந்ததையும் அவர் எழுதியிருக்கிறார். கையில் பச்சை குத்திய எண்ணாக மட்டுமே இருந்தவர்கள் மறுபடி ஒரு ஆளானார்கள் என்று அவர் புரிந்துகொண்டார். துணிமணிகளுக்கும் இதே கதைதான். சுற்றுவட்டார ஜெர்மானியர்களிடமிருந்து வசூலித்த உடைகளை ஒரு கூடத்தில் அடுக்கி, பெண்கள் தாங்களே பார்த்துப் பொறுக்கிக்கொள்ளும்படி வைத்தார்கள். லண்டனின் பகட்டான கடையின் பெயரால் அதை ‘ஹாரட்ஸ்’ என்று அழைத்தார்கள். எந்தப் பாவாடை வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை, பல ஆண்டுகளுக்குப் பிறகு, அந்தக் கூடத்தில்தான் திரும்பக் கிடைத்தது.

மே 21 அன்று பழைய முகாமின் கடைசிக் கொட்டகையை, நாஜிக் கொடியும் ஹிட்லர் படமும் மாட்டி, தீ வைத்துக் கொளுத்தினார்கள். டைஃபஸ் அதோடு அடங்கியது. பிறகு வந்தவை மருந்தால் தீராத கேள்விகள். என் அம்மா எங்கே? தம்பி இருக்கிறானா? யாரிடம் போவது?

புதிதாக உள்ளே வரும் எவரையும் எல்லா முகாம்களிலும் முதலில் கேட்ட கேள்வி, நீ எந்த ஊர், யாரையாவது பார்த்தாயா என்பதே. டாகாவ் முகாமுக்கு வந்த அமெரிக்க ராணுவ மதகுரு ஆபிரகாம் கிளவுஸ்னர் அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு, பிழைத்திருப்பவர்களின் பெயர்களை ஊர் ஊராகச் சேகரித்து 1945 கோடையிலேயே புத்தகமாக அச்சிட்டார். அந்தத் தொகுப்பின் எபிரேயப் பெயருக்கு ‘எஞ்சியவர்கள்’ என்று பொருள். விரலால் வரி வரியாகத் தடவி, தங்கள் குடும்பப் பெயரைத் தேடியவர்களில் பெரும்பாலோர் புத்தகத்தை வெறுங்கையோடுதான் மூடினார்கள்.

பிரெஞ்சுக்காரர்கள், டச்சுக்காரர்கள், செக் நாட்டவர்கள் ஊர் திரும்பினார்கள். போலந்து யூதர்களுக்குத் திரும்ப ஊர் இல்லை. போனவர்கள் தங்கள் வீட்டில் வேறு குடும்பம் சமைத்துக்கொண்டிருப்பதைக் கண்டார்கள். 1946 ஜூலை 4 அன்று போலந்தின் கியெல்த்ஸே நகரில், முகாம்களிலிருந்து உயிர் தப்பி வந்தவர்கள் உட்பட 42 யூதர்களைக் கும்பல் கொன்றது. போர் முடிந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அந்தச் செய்தி பரவியதும் பல்லாயிரம் பேர் மறுபடி மூட்டை கட்டினார்கள். பாதுகாப்பைத் தேடி அவர்கள் வந்து சேர்ந்த இடம் ஜெர்மனி. அதைவிடக் கொடுமையான முரண் அந்த ஆண்டுகளில் இல்லை.

பெல்சனின் பயிற்சிப் பள்ளிக் கட்டடங்கள் இப்படி ஓர் அகதிகள் முகாமாயின. யூதர்களே பத்தாயிரத்துக்கு மேல். ஜெர்மனியில் பிரிட்டிஷார் வசம் இருந்த பகுதியில் அதுவே மிகப் பெரிய யூத அகதி முகாம். பிரிட்டிஷ் நிர்வாகம் அதற்கு ஹோனே என்று பெயர் வைத்தது. குடியிருந்தவர்கள் அந்தப் பெயரை ஏற்கவில்லை. கடிதத் தாளிலும் செய்தித்தாளிலும் பெல்சன் என்றே எழுதினார்கள். அங்கே நடந்ததை ஒரு பெயர் மாற்றத்தில் மறைக்க விடமாட்டோம் என்பது அவர்கள் நிலை. அவர்களுக்குத் தலைவராக நின்றவர் யோசெஃப் ரோசன்சாஃப்ட். அவுஷ்விட்ஸுக்குப் போகும் ரயிலிலிருந்து விஸ்துலா ஆற்றில் குதித்துத் தப்பியவர், பிறகு பிடிபட்டவர், பல முகாம்களைத் தாண்டி வந்தவர். நாங்கள் போலந்துக்காரர்களாகவும் ருமேனியர்களாகவும் அடைக்கப்படவில்லை, யூதர்கள் என்பதற்காகவே அடைக்கப்பட்டோம், அப்படியே எங்களை நடத்துங்கள் என்று பிரிட்டிஷ் அதிகாரிகளோடு ஓயாமல் மல்லுக்கட்டினார். பாலஸ்தீனத்தின் கதவை மூடி வைத்திருந்த பிரிட்டனுக்கு அந்தக் கோரிக்கை கசந்தது. 1947-இல் எக்ஸோடஸ் கப்பலில் பாலஸ்தீனம் போக முயன்ற சுமார் 4,500 பேரை அது மீண்டும் ஜெர்மனிக்கே, ஹாம்பர்க் துறைமுகத்துக்கே, திருப்பி அனுப்பியது. பெல்சன்வாசிகள் கொதித்தெழுந்து ஆர்ப்பாட்டம் நடத்தினார்கள்.

இந்தப் போராட்டத்தின் நடுவே ஒரு ஊரே முளைத்தது. 1945 ஜூலையில் ‘உன்சர் ஷ்டிமே’, அதாவது ‘எங்கள் குரல்’, என்ற இத்திஷ் மொழி இதழின் முதல் பிரதி வந்தது. பள்ளிக்கூடம் வந்தது. சாமி ஃபேடர் நாடகக் குழு ஒன்றைக் கட்டினார். முகாமில் பட்டதையே மேடையில் நடித்துக் காட்டினார்கள், பார்த்தவர்கள் கதறினார்கள், மறுநாளும் பார்க்க வந்தார்கள். திருமணங்கள் அடுத்தடுத்து நடந்தன. ஒரு மணமகன் காபித்தூளையும் சிகரெட்டையும் விலையாகக் கொடுத்து ஒரு வெள்ளைப் பாராசூட்டை வாங்கினார். அதை வெட்டித் தைத்த மண உடையை ஒரு மணப்பெண் அணிந்தாள். பிறகு அவள் தங்கை, பிறகு தோழிகள் என்று இரவல் போய்க்கொண்டே இருந்தது. அனாதைகளுக்கும் அனாதைகளுக்கும் நடந்த கல்யாணங்கள் அவை. பந்தலில் நிற்கப் பெற்றோர் இல்லை, மாமன் இல்லை, அத்தை இல்லை. சில ஆண்டுகளில் அங்கே பிறந்த குழந்தைகள் சுமார் 2,000. அவர்கள் பிறந்த மருத்துவமனைக்கு கிளின் ஹியூஸ் பெயரையே வைத்திருந்தார்கள்.

ஹதாசா பிம்கோ ரோசன்சாஃப்டை மணந்தார். அனாதைக் குழந்தைகளில் ஒரு பகுதியினரை 1946-இல் பாலஸ்தீனத்துக்குக் கூட்டிச் சென்று விட்டுவிட்டு, மறுபடி பெல்சனுக்கே திரும்பினார். 1948-இல் அந்த முகாமில் அவருக்கு மகன் பிறந்தான்.

1945 ஜூலையில் வயலின் மேதை யெஹுதி மெனுஹின் பெல்சனுக்கு வந்து வாசித்தார். பியானோவில் உடன் வந்தவர் இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன். கூட்டத்தில் ஒரு இளம்பெண் இருந்தாள். பெயர் அனிதா லாஸ்கர், வயது இருபது. அவுஷ்விட்ஸ் பெண்கள் இசைக்குழுவில் செல்லோ வாசித்ததால் உயிர் பிழைத்தவள். வேலைக்குப் போகும் கைதிகளின் நடைக்குத் தாளம் போடுவது அந்தக் குழுவின் வேலை. பியானோ வாசித்தவரின் பெயர் அவளுக்குத் தெரியாது. ஆனால் தன்னை முன்னே நிறுத்திக்கொள்ளாத அந்த மனிதரிடமிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை என்று எழுதி வைத்தாள். பல ஆண்டுகளுக்குப் பிறகு, இங்கிலிஷ் சேம்பர் ஆர்கெஸ்ட்ராவின் நிறுவன உறுப்பினர்களில் ஒருவராக, அதே பிரிட்டனின் கோலுக்குக் கீழே அவர் வாசித்தார்.

1945 செப்டம்பரில் லூனபர்க் நகரின் உடற்பயிற்சிக் கூடம் ஒன்றில் நீதிமன்றம் கூடியது. முகாம் தலைவன் யோசெஃப் கிராமர் உள்ளிட்ட 45 பேர் கழுத்தில் எண் அட்டை தொங்க உட்கார்ந்திருந்தார்கள். ஹதாசாவும் அனிதாவும் சாட்சிக் கூண்டில் ஏறினார்கள். எந்தத் தேதி, எத்தனை மணி என்று வழக்கறிஞர்கள் குடைந்தார்கள். கடிகாரமோ நாட்காட்டியோ இல்லாத இடத்திலிருந்து வந்தவர்கள் என்ன பதில் சொல்வார்கள்? பதினொரு பேருக்குத் தூக்குத் தண்டனை. டிசம்பரில் நிறைவேற்றப்பட்டது. பதினான்கு பேர் விடுதலையானார்கள்.

உடம்பு தேறியவர்களின் மனம் எப்படித் தேறியது என்பதற்கு இப்படித் தேதி போட்டுச் சொல்லக்கூடிய வரலாறு இல்லை. இரவில் அலறல், அலமாரியில் ஒளித்து வைத்த ரொட்டித் துண்டு, நான் மட்டும் ஏன் மிஞ்சினேன் என்ற குற்ற உணர்வு. 1950-களில் மேற்கு ஜெர்மனி இழப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தபோது, முகாமால்தான் இந்த நோய் என்று நிரூபிக்கும் சுமை பாதிக்கப்பட்டவர் தலையிலேயே விழுந்தது. மனக்காயம் நிரந்தரமானதல்ல என்று சொல்லி விண்ணப்பங்களைத் தள்ளிய மருத்துவர்கள் பலர். அப்படித் தள்ளப்பட்டவர்களைச் சோதித்த வில்லியம் நீடர்லாண்ட் போன்ற மனநல மருத்துவர்கள், பிழைத்தவர்களிடம் திரும்பத் திரும்பக் காணும் அந்த அவதிக்கு 1960-களில் ஒரு பெயரே வைக்க வேண்டியிருந்தது. இந்த ஒரு அத்தியாயத்தைப் படிக்கும்போது எழும் கோபம், முகாமைப் பற்றிப் படிக்கும்போது எழுவதற்குக் குறைந்ததல்ல.

1948-இல் இஸ்ரேல் உருவானதும், அமெரிக்கா அகதிகளுக்குச் சட்டம் இயற்றியதும் பெல்சன் காலியாகத் தொடங்கியது. 1950-இல் அகதி முகாமை மூடினார்கள். பழைய முகாம் இருந்த இடத்தில் இன்று கொட்டகைகள் எதுவும் இல்லை. ஹீதர் செடி படர்ந்த நீண்ட மேடுகள் இருக்கின்றன. அவற்றின் முகப்பில் கல்லில் எண் வெட்டியிருக்கிறது: இங்கே 1,000 பேர், இங்கே 2,500 பேர். ஃபிராங்க் சகோதரிகளுக்கு ஒரு நினைவுக்கல் உண்டு. ஆனால் அவர்கள் எந்த மேட்டுக்குள் இருக்கிறார்கள் என்று தெரியாது.

பிரிட்டிஷ் படை வரும் முன் எஸ்.எஸ். காவலர்கள் முகாமின் பதிவேடுகளை எரித்துவிட்டார்கள். அந்த வதைமுகாமில் அடைபட்டவர்கள் மொத்தம் ஏறக்குறைய 1,20,000 பேர். நினைவகத்தின் ஆய்வாளர்கள் ரயில் பட்டியல்கள், மருத்துவக் குறிப்புகள், பிழைத்தவர்களின் கடிதங்கள் என்று துணுக்குத் துணுக்காகத் தேடி ஒரு பெயர்ப் புத்தகம் தொகுத்து வருகிறார்கள். இதுவரை 50,000-க்கு மேற்பட்டவர்களின் பெயர்கள் அதில் ஏறியிருக்கின்றன.